கலங்கிய எண்ணெய்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றி எழுதுவதற்கு ஓர் இரசாயன ஆசிரியனுக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் வினவலாம். தகுதி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆயினும், ஒரு பழைய வண்டியின் எண்ணெய் கலங்கியதன் காரணத்தைத் தேடப் புறப்பட்ட நான், வேறொரு கலக்கத்தின் காரணத்தையும் கண்டுகொண்டு திரும்பினேன். அதனைச் சொல்லிவிடுவதே எனக்கு நல்லது என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது 1958ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் வண்டி. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்தது. 1956ஆம் ஆண்டு தொடக்கம் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினைப் பொருத்தி ‘மொறிஸ் மைனர் 1000’ என்று விற்றார்கள். இலங்கையின் தெருக்களில் இவ்வண்டி ஓடாத இடமில்லை. பிற்காலத்தில் இதற்கு வேண்டிய தகட்டு உறுப்புகளைத் தென்னிலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் இருந்தது. என் தந்தையார் 1978ஆம் ஆண்டில் இன்னொருவரிடமிருந்து இதனை வாங்கினார். அவரும் ஆசிரியரே. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியமையால், பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதிலும் ஒருபடி மேலாகவே அதனைப் பார்த்துக்கொண்டார் என்று என் தாயார் சொல்வதுண்டு.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எங்கள் குடும்பம் இவ்வண்டியிலேயே மன்னாரை விட்டு யாழ்ப்பாணம் சென்றது. அப்பொழுது எனக்கு வயது பதினொன்று. பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொன்போலச் சேமித்த பெற்றோலைச் சில துளிகள் விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும். அதனால் தந்தையார் ஒவ்வொரு நாட்காலையும் டிப்ஸ்ரிக்கை உருவி, எண்ணெயை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இக்கதை நிகழ்ந்ததற்கு அப்பழக்கமே காரணம்.

பின்னர் வண்டி வடமராட்சியில் உறவினர் ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் பல்லாண்டுகள் உறங்கியது. தந்தையார் காலமான பின், 2010ஆம் ஆண்டில் நான் அதனை மன்னாருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அவ்வாண்டிலேதான் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலமும் திறக்கப்பட்டிருந்தது. பாலத்தைக் கடந்து, கோட்டையின் மதில் கண்ணிற்பட்டபோது, வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

மன்னார்க் காற்று இரும்புக்குப் பகை. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு தொடக்கம் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு எங்கள் காற்றின் வலிமை விளங்கும். அக்காற்றில் உப்பும் சேர்ந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் பெற்றோல் இன்றி நாடே வரிசையில் நின்றபோது எங்கள் வண்டி மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. அதன் நிழலில் மன்னாரின் கழுதைகள் இளைப்பாறின. மீண்டும் பெற்றோல் கிடைத்து முடுக்கியபோது எஞ்சின் அசைய மறுத்தது. பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

எருக்கலம்பிட்டியில் ஒரு பெரியவர் பழைய ஆங்கில வண்டிகளைத் திருத்துவதில் வல்லவர் என்று கேள்விப்பட்டு, 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். வயது அறுபதுக்கு மேலிருக்கும். ஊரார் அவரை ‘நானா’ என்றே அழைப்பார்கள்; நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களைப் போர் செய்வித்து, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் பேரிங்குகளும் இட்டார். இருபத்தைந்து நாள் வேலை. ஒருநாள் நான் சென்றிருந்தபோது, பேரிங் மூடி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். அதன் ஓரத்தில் மூன்று சிறு புள்ளிகள் குத்தப்பட்டிருந்தன.

“இது எங்க வாப்பா போட்ட அடையாளம், சேர். 86ஆம் ஆண்டு இந்த எஞ்சினை அவர்தான் பிரிச்சவர். நான் பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் குடுத்தனான். உங்க அப்பாவும் இதே மாதிரித்தான் வந்து பார்த்துக்கொண்டு நிற்பார்” என்றார்.

வண்டியை ஒப்படைத்த நாளில் அவர் ஒன்றையே இருமுறை சொன்னார். முந்நூறு மைல் ஓடியதும் வண்டியை மறுபடி கொண்டுவர வேண்டும். ஹெட்டின் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். புதிய கெஸ்கட் சூடேறியும் ஆறியும் சற்றே அமுங்கும்; அப்போது நட்டுகளின் பிடி தளரும்; அதனை ஈடுசெய்யாவிடில் பின்னர் தொல்லை. நான் தலையாட்டினேன். கூலியில் மூன்றிலொரு பங்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது. “அடுத்த சம்பளத்தில் தந்துவிடுகிறேன், நானா” என்றேன். “அதுக்கென்ன சேர்” என்றார்.

அடுத்த சம்பளம் வந்தது. மகனின் படிப்புச் செலவிற் போயிற்று. அதற்கடுத்த சம்பளம் வேறு வழியிற் போயிற்று. முந்நூறு மைல் ஆயிற்று என்று வண்டியின் மீற்றர் காட்டியபோது, பாக்கிப் பணம் கையில் இல்லாமல் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாணி, பயணத்தை ஒத்திப் போட்டேன். ஒரு மாதம் ஒத்திப் போட்ட பின் செல்வது இன்னும் கடினமாயிற்று. கடன்பட்டவன் கடன் கொடுத்தவரின் தெருவைத் தவிர்ப்பது உலக இயல்பு. எருக்கலம்பிட்டிப் பக்கம் செல்லும் தேவை ஏற்பட்டபோதெல்லாம் நான் பேருந்திற் சென்றேன் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

இவ்வாறிருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை, வழக்கம்போல் டிப்ஸ்ரிக்கை உருவினேன். எண்ணெய் பாற்றேநீரின் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுப்புக் குன்றி, மோர்போல் நுரைத்தது. புதிதாகக் கட்டிய எஞ்சின்! என் உள்ளம் துணுக்குற்றது.

எண்ணெயும் நீரும் ஒன்று சேரா என்பது பழமொழி. ஆனால் எஞ்சினுக்குள் அவை சேரும். கிராங்க் தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழன்று, தயிர் கடையும் மத்தைப்போல் இரண்டையும் கடைகிறது. இக்காலத்து எஞ்சின் எண்ணெயில் அழுக்கை ஏந்திப் பிடிப்பதற்கென்று சவர்க்காரத்தை ஒத்த பொருட்களைக் கலக்கிறார்கள். அப்பொருட்கள் நீர்த்துளிகளையும் பிரியவிடாமற் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு உண்டாகும் கலவையைப் பால்மம் என்போம். தேங்காய்ப்பால் வெண்மையாயிருப்பது எக்காரணத்தாலோ அக்காரணத்தாலேயே கலங்கிய எண்ணெயும் வெண்மை கொள்கிறது. இதில் பெருந்தீங்கு யாதெனில், பேரிங்குகளைச் சுமந்து நிற்பது எண்ணெயின் மெல்லிய படலமே. நீர் கலந்த எண்ணெயால் அச்சுமையைத் தாங்க இயலாது. அந்நிலையில் வண்டியை ஓட்டினால் சில மைல்களிலேயே பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் பாழாகலாம்.

நீர் எண்ணெயில் சேர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சினைக் கழுவிப் பூட்டும்போது உள்ளே தங்கிய நீர். இது முதல் முறை எண்ணெய் மாற்றியதும் தீர்ந்துவிடும். நான் முன்னரே ஒருமுறை மாற்றியிருந்தேன். இரண்டாவது, எரிவினால் உண்டாகும் நீராவி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது என்று கூறினால் பலர் வியப்பர். அதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். சிறு பகுதி வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். புதிய வளையங்கள் சிலிண்டரோடு நன்கு படியும்வரை இறங்குவது சற்று அதிகமாகவே இருக்கும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அந்நீர் சூட்டினால் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு மைல், கல்லூரியிலிருந்து வீட்டிற்கு ஒரு மைல் என்று ஓடும் என் வண்டி போன்றவற்றிலோ, எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடுவதால், நீர் உள்ளேயே தங்கும். மூன்றாவது வழியே அஞ்சத்தக்கது: றேடியேற்றர் நீர் கெஸ்கட்டின் வழியாகவோ, ஹெட்டில் அல்லது புளொக்கில் உண்டான வெடிப்பின் வழியாகவோ எண்ணெயிற் புகுதல்.

முதலில், கலங்கியது நீராலேயோ என்று அறிய வேண்டும். இதற்கு என் இல்லாளின் தோசைக்கல்லைக் கேட்டேன், மறுத்துவிட்டாள். பழைய பிஸ்கட் ரின்னின் மூடியை அடுப்பிற் காய்ச்சி, அதன் மீது ஒரு துளி எண்ணெயை விட்டேன். தாளிக்கும் சட்டியில் ஈரக் கறிவேப்பிலை இட்டாற்போல் படபடவென்று வெடித்தது. தூய எண்ணெயாயின் ஓசையின்றிப் புகைந்திருக்கும். நீர் என்பது உறுதியாயிற்று.

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் மாத்திரம் வெண்ணிறப் பசை படிந்து, டிப்ஸ்ரிக்கில் எண்ணெய் தெளிவாயிருக்குமாயின், அது பெரும்பாலும் ஆவி குளிர்ந்ததன் விளைவே. என் வண்டியிலோ இரண்டுமே வெண்மையாயிருந்தன. றேடியேற்றரைத் திறந்தேன், நீர்மட்டம் குறைந்திருந்தது. கடந்த சில வாரங்களாக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோப்பை நீர் ஊற்றி வந்தது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. வெயிலில் வற்றுகிறது என்று எண்ணியிருந்தேன். இரசாயனம் கற்பிப்பவனுக்கு மூடிய பாத்திரத்தில் நீர் வற்றாது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

நகரத்தில் வேறொரு மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினேன். அவர் டிப்ஸ்ரிக்கை ஒருமுறை பார்த்தார். “புளொக் வெடிச்சிட்டுது சேர். கட்டினவர் சரியாப் பார்க்கேல்ல. வேறை எஞ்சின்தான் போடவேணும்” என்று கூறிச் சென்றார்.

இவ்விடத்தில் நான் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அவ்வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் துயரம் உண்டானது மெய். அத்துயரத்தின் அடியில் ஒரு சிறு மகிழ்ச்சியும் இருந்தது. வேலை பிழைத்துவிட்டதாயின் பாக்கிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? நான்கு மாதமாக என்னை உறுத்திய கடன் ஒரு சொல்லில் நீதியாகத் தீர்ந்துவிட்டது போல் இருந்தது. சினம் கொள்வதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்த காரணத்தை நான் இறுகப் பற்றிக்கொண்டேன்.

சினத்தையும் சான்றோடு வெளிப்படுத்துவதே படித்தவனுக்கு அழகு என்று எண்ணித் திங்கட்கிழமை ஒரு போத்தலில் அவ்வெண்ணெயைக் கல்லூரி ஆய்வுகூடத்திற்கு எடுத்துச் சென்றேன். மன்னார்த் தீவின் கிணற்றுநீர் எத்தகையது என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். மணலின் அடியில் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே எங்கள் கிணறு. அதனை மிகுதியாக இறைத்தால் உவர்ப்பு மேலேறும். என் வீட்டுக் கிணற்றுநீரிலும் உப்பு உண்டு. றேடியேற்றருக்கு நான் ஊற்றியது அந்நீரே. எரிவினால் உண்டான நீரோ ஆவியாகிக் குளிர்ந்தது. காய்ச்சிவடித்த நீரைப்போல் அதில் கறியுப்பு இராது. ஆகவே எண்ணெயிலுள்ள நீரில் குளோரைட்டு மிகுந்திருந்தால் அது றேடியேற்றரிலிருந்து வந்தது. இல்லையேல் ஆவியிலிருந்து வந்தது.

எண்ணெயை மண்ணெண்ணெயோடு கலந்து இளக்கினேன். காய்ச்சிவடித்த நீர் சிறிது சேர்த்துக் குலுக்கி, பிரிபுனலில் இட்டு வைத்தேன். மறுநாள் அடியில் நீர்ப்படை தனியே நின்றது. அதனை வடித்தெடுத்து, ஐதான நைத்திரிக்கமிலம் சேர்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட்டேன். முதல் துளியிலேயே தயிர்போன்ற வெள்ளை வீழ்படிவு விழுந்தது. அதே காய்ச்சிவடித்த நீரையும் மண்ணெண்ணெயையும் புதிய எண்ணெயோடு சேர்த்துச் செய்த ஒப்பீட்டுச் சோதனையில் வீழ்படிவு இல்லை. உயர்தர வகுப்பு மாணாக்கர் சூழ்ந்து நின்று வியந்தனர். நான் வெற்றி கொண்டவன்போல் நிமிர்ந்தேன். அவசரத்தில் கரைசல் என் சுட்டுவிரலிற் பட்டு, மாலைக்குள் அவ்விடம் கறுத்துப் போயிற்று. வெள்ளி நைத்திரேற்றின் கறை கழுவினாற் போகாது.

சோதனைக்குழாயைப் பஞ்சிற் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் எருக்கலம்பிட்டிக்குச் சென்றேன். கிடுகு வேய்ந்த கொட்டிலில் நானா ஒரு லொறியின் அடியிற் படுத்திருந்தார். எழுந்து வந்து, கையைத் துணியில் துடைத்து, எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். தேநீர் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார். நான் அமராமலே என் சோதனையை விளக்கினேன். குழாயை உயர்த்திக் காட்டினேன். புளொக் வெடித்திருக்கிறது என்ற அபிப்பிராயத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இறுதியில் ஒரே ஒரு வினா வினவினார்.

“இப்ப எத்தனை மைல் காட்டுது, சேர்?”

நான் உடனே விடை கூறவில்லை. பிறகு, “அறுநூற்று நாற்பது” என்றேன்.

அவர் எதுவும் சொல்லவில்லை. தேநீர் வந்தது. அதனை என் கையிற் கொடுத்துவிட்டு, “வண்டியை ஸ்ராட் பண்ண வேண்டாம். ரக்ரர் அனுப்புறன், கட்டி இழுத்துக்கொண்டு வருவம்” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே வண்டி அவருடைய கொட்டிலில் நின்றது. “இரவு முழுக்க அசையாமல் நிற்கட்டும்” என்றார். மறுநாள் காலை, சம்பின் அடி நட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். நீர் எண்ணெயிலும் கனமானது. பிரிந்த நீர் இரவில் அடியில் தங்கும். எண்ணெய்க்கு முன்னால் கலங்கல் நீர் ஒரு சிறு கோப்பையளவு இறங்கியது. “உங்க சோதனை சரிதான், சேர். ஆனால் தண்ணி எங்கேயிருந்து வந்தது எண்டுதான் அது சொல்லும், ஏன் வந்தது எண்டு சொல்லாது” என்றார். என் இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் இத்துணைச் சுருக்கமாக ஒரு பரிசோதனையின் எல்லையை நான் எவர்க்கும் விளக்கியதில்லை.

பின்னர் ஹெட்டின் ஒன்பது நட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இழுவிசை காட்டும் சாவியை வைத்துச் சோதித்தபோது, எதுவும் உரிய நாற்பது இறாத்தல்-அடியில் இல்லை. ஓரத்து நட்டுகள் இரண்டு வெறுங்கைக்கே இசைவனபோற் சுழன்றன. ஹெட்டைக் கழற்றி, செம்புத் தகட்டாலான கெஸ்கட்டை ஒளியிற் பிடித்துக் காட்டினார். நீர் செல்லும் துளையொன்றிலிருந்து, வால்வுகளைத் தள்ளும் கம்பிகள் இறங்கும் துளைவரை, நத்தை ஊர்ந்த தடம்போல் ஒரு கோடு கறைபட்டிருந்தது. நீர் சென்ற வழி அதுவே. புளொக்கில் வெடிப்பு இல்லை.

வெப்பத்தினால் ஹெட் வளைந்திருக்குமோ என்று பார்ப்பதற்கு, உள்ளேயிருந்து ஓர் எஃகுச் சட்டத்தை எடுத்து வந்தார். அதனைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபடியே அதன் கதையைச் சொன்னார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையினால் வடமாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கு மேற்பட்டோர், தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்தோர் படகுகளில் கற்பிட்டிக்குச் சென்றனர். மிகக் குறுகிய அவகாசம். நானாவின் தந்தையார் தம் கருவிகளை எடுத்துச் செல்ல இயலாது என்று கண்டு, பெட்டியோடு கிணற்றடியிற் புதைத்தார். புத்தளத்திலேயே அவர் காலமானார். இருபது ஆண்டுகளின் பின் மகன் திரும்பி வந்து தோண்டியபோது சாவிகள் யாவும் துருவாய் உதிர்ந்தன. கிறீஸ் தடவித் துணியிற் சுற்றி வைத்த இச்சட்டம் மாத்திரம் கெடாதிருந்தது.

“எண்ணெய் போட்டு வைச்சால் இரும்பு காத்திருக்கும்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் சென்ற அந்த ஒக்டோபரில் என் குடும்பம் மன்னாரில் இல்லை. யூன் மாதமே யாழ்ப்பாணம் சென்றுவிட்டோம். இதனைச் சொல்வதற்கு நான் வாய் திறந்தேன். அது உண்மைதான், ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை, கேளாத வினாவுக்கு அது விடையுமாகாது என்று உணர்ந்து மௌனமானேன். சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, இடையில் மெல்லிய தகட்டுக் கேஜைச் செருகிப் பார்த்தார். எவ்விடத்திலும் அது புகவில்லை. ஹெட் நேராகவே இருந்தது.

ஒரு பேரிங் மூடியையும் கழற்றிப் பார்த்தார், பளபளப்பாக இருந்தது. “நாளாந்தம் எண்ணெய் பார்க்கிற பழக்கம் உங்களைக் காப்பாத்திப் போட்டுது. அப்பாட்டப் பழகினது போல” என்றார். புதிய கெஸ்கட் இட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று தவணையாக ஒன்பது நட்டுகளையும் இறுக்கினார். மலிவான எண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சிய வெண்மையோடு அதனை வடித்து, வடிகட்டியையும் மாற்றி, நல்ல எண்ணெய் நிரப்பினார். உவர்நீரை இனி ஊற்றக்கூடாது என்றும், கடையில் விற்கும் கூலன்ற்றைக் காய்ச்சிவடித்த நீரோடு கலந்து ஊற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

அன்றைய கூலியை நான் கேட்டபோது, கெஸ்கட்டின் விலையையும் எண்ணெயின் விலையையும் மாத்திரம் சொன்னார். பழைய பாக்கியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானே திறந்தேன். பணம் இல்லாமையால் வரவில்லை என்றும், வராமையால் இப்படி நேர்ந்தது என்றும், பிழை அவருடையது என்று நான் நினைத்ததோடு அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பியும் இருந்தேன் என்றும், ஒன்றும் ஒளியாமற் சொன்னேன். அவர் என் கறுத்த சுட்டுவிரலைப் பார்த்து, “இப்பதான் சேர் மெக்கானிக் மாதிரி இருக்கிறீங்க” என்று சிரித்தார். பிறகு, “காசு இல்லாட்டியும் வண்டியைக் கொண்டு வந்திருக்கலாம். நட்டு இறுக்க நான் காசு வாங்கிறேல்ல” என்றார்.

மனைவியின் காப்பொன்றை அடகு வைக்கும் யோசனையை அவளே முன்வைத்தாள். அதற்கு இடங்கொடாமல், இரண்டு மாதச் சம்பளத்தில் பகுதி பகுதியாகப் பாக்கியைக் கொடுத்துத் தீர்த்தேன்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்கட்கு நான் கற்றதைச் சுருக்கமாகக் கூறுவேன். எண்ணெய் வெளுத்தால் எஞ்சினை முடுக்காதீர்கள். மூடியில் மாத்திரம் வெளுப்பா, டிப்ஸ்ரிக்கிலுமா என்று பாருங்கள். றேடியேற்றர் நீர் குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். நீர் குறையாமல் மூடி மாத்திரம் வெளுத்திருந்தால், எண்ணெயை மாற்றி, வாரத்திற்கு ஒருமுறையேனும் இருபது மைல் தொடர்ந்து ஓடுங்கள், தானே தெளியும். இரசாயனம் தெரியாவிடினும் குறைவில்லை. காய்ந்த தகட்டின் மேல் ஒரு துளி போதும். றேடியேற்றர் நீரை எக்காரணங்கொண்டும் நாவில் வைத்துப் பார்க்க வேண்டாம். இக்காலத்துக் கூலன்ற் நஞ்சு. எல்லாவற்றிற்கும் மேலாக, எஞ்சினைக் கட்டியவர் எத்தனை மைலில் வரச் சொன்னாரோ அத்தனை மைலிற் செல்லுங்கள்.

இரண்டாம் முறை முந்நூறு மைல் நிறைவுற்றது ஒரு வெள்ளிக்கிழமை, திருக்கேதீச்சரம் சென்று திரும்பும் வழியில். மறுநாட் காலையே எருக்கலம்பிட்டிக்குச் சென்றேன். எஞ்சின் ஆறும்வரை இருவரும் வேம்பின் நிழலில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். எட்டு நட்டுகளை அவர் இறுக்கினார். ஒன்பதாவதற்குச் சாவியை என் கையில் தந்தார். பிறகு வால்வு இடைவெளிகளைச் சரிபார்த்து மூடியைப் பூட்டினார். இன்றுவரை எண்ணெய் தெளிவாகவே இருக்கிறது.

இப்பொழுது ஒவ்வோர் ஆண்டும் குளோரைட்டுச் சோதனையைக் கற்பிக்கும்போது, இவ்வண்டியின் கதையை மாணாக்கர்க்குச் சொல்கிறேன். பிரிபுனலையும் வீழ்படிவையும் பற்றிச் சொல்வேன். சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் சொல்வேன். பாக்கிப் பணத்தைப் பற்றி மாத்திரம் வகுப்பில் நான் சொல்வதில்லை. அதனை இங்கே சொல்லிவிட்டேன். என் மாணாக்கர் சிலரின் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பத்திரிகை வாங்குவார்கள்.